பாலம் திரும்பும், பிள்ளையார் திரும்ப மாட்டார்

“பாலம் திரும்பட்டும் சார், யாரு வேண்டாங்கா? சாமி தெக்க பாக்கப்படாது. அம்புட்டுத்தான்.”

சொல்லிவிட்டுப் பிச்சம்மாள் மறுபடி பூத்தொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

அனந்தகிருஷ்ணனுக்கு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பாலத்தின் நட்டநடுவில் ஒரு சின்ன இரும்பு அறை. அந்த அறையின் சுவரில், கிழக்கே பார்த்தபடி, ஒரு பிள்ளையார். பாலம் திரும்பினால் அறை திரும்பும். அறை திரும்பினால் சுவர் திரும்பும். சுவர் திரும்பும்போது பிள்ளையார் மட்டும் அப்படியே கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவர் தெற்கே பார்த்துத்தான் ஆகவேண்டும்.

“பிச்சம்மா, ஒரு பத்து நிமிஷம்தானே? திரும்பிட்டு உடனே பழைய இடத்துக்கே வந்துடுவாரே.”

“பத்து நிமிசம் எமன் வீட்டப் பாத்து உக்காருங்கன்னு ஒங்ககிட்டச் சொன்னா உக்காருவியளா சார்?”

அவர் உட்கார மாட்டார்தான். 

இந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மும்பைத் துறைமுகத்தின் ஒரு பழைய மூலையில், வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. கப்பல் வந்தால் மேலே தூக்கிக்கொள்கிற பாலம் இல்லை. நடுவில் ஓர் இரும்பு அச்சின்மேல் உட்கார்ந்துகொண்டு, கதவு மாதிரி பக்கவாட்டில் சுற்றி வழிவிடுகிற பாலம். அனந்தகிருஷ்ணன் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அது ஒருமுறை திரும்பியது. அவ்வளவு பெரிய இரும்பு சத்தமில்லாமல் நகர்ந்து ஒரு கப்பலுக்கு வழிவிட்டதைப் பார்த்து, இருபத்தாறு வயதுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கப்பலும் வரவில்லை, பாலமும் திரும்பவில்லை. அவர் மட்டும் ‘பாலக் கண்காணிப்பாளர்’ என்ற பதவியில் அப்படியே இருந்தார்.

“என்ன சார், பாலம் ஓடிப்போயிடாம பார்த்துக்கறீங்களா?” என்று தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அந்தப் பாலத்தின்மேல் அவருக்கு ஆசை. வேறு வார்த்தை போட்டுச் சொல்ல ஒன்றுமில்லை, ஆசைதான்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. நகரத்தின் மரபுச் சின்னக் குழுத் தலைவி பிரேமலதா சனிக்கிழமை வருகிறார். பாலம் அவர் கண்ணெதிரே ஒருமுறை திரும்பினால் அது இயங்குகிற சின்னம். பட்டியலில் சேர்ந்து பிழைத்துவிடும். திரும்பாவிட்டால் வெறும் பழைய இரும்பு. திங்கட்கிழமை கேஸ் கட்டருடன் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

ஆக, பாலம் பிழைக்கப் பாலம் திரும்பவேண்டும். பாலம் திரும்பப் பிள்ளையார் திரும்பவேண்டும். பிள்ளையார் திரும்பப் பிச்சம்மாள் சம்மதிக்க வேண்டும். புதன்கிழமை காலை நிலவரம் இது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பிள்ளையாரை அங்கே கொண்டுவந்ததே அனந்தகிருஷ்ணன்தான்.

மும்பையில் ஒரு சுவர் சும்மா நின்றால் அதைச் சும்மா விடமாட்டார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாலம் குறுக்கு வழியாக இருந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்த இரும்பு அறையோரம் ஒதுங்கிவிட்டுப் போனார்கள். இரும்பு அரித்துப்போக ஆரம்பித்தது. இங்கே ஒதுங்காதீர்கள் என்று மராத்தியில் பலகை வைத்தார், ஹிந்தியில் வைத்தார், இங்கிலீஷில் வைத்தார். ஜனங்கள் ஒதுங்கிக்கொண்டே மூன்றையும் படித்தார்கள். கடைசியில் எல்லா ஊர்க்காரர்களும் செய்கிற காரியத்தைச் செய்தார். மாதுங்கா மார்க்கெட்டில் பிள்ளையார் படம் போட்ட குளியலறை டைல் ஒன்றை வாங்கி, நல்ல பசையாகப் போட்டு, சுவரில் ஒட்டினார்.

மறுநாளிலிருந்து சுவர் காய்ந்தது.

அத்துடன் நின்றிருந்தால் சரி. ஒருநாள் டைலின்மேல் ஒரு செம்பருத்தி இருந்தது. அப்புறம் ஒரு மணி வந்தது, விளக்கு வந்தது, தகரக் கூரை வந்தது. கூடவே தாராவியிலிருந்து பூக்கூடையுடன் பிச்சம்மாள் வந்தாள். பூக்காரியாக வந்தவள், யாரும் நியமிக்காமலே பூசாரி, தர்மகர்த்தா, காவல்காரி எல்லாம் ஆகிவிட்டாள். பிள்ளையார் தானாகத் தோன்றியவர் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

“பிச்சம்மா, அந்த டைலை ஒட்டினதே நான்தான். பின்னால கடை பேர்கூட இருக்கும்,” என்று இப்போது உண்மையைப் போட்டு உடைத்தார் அனந்தகிருஷ்ணன்.

“இருக்கட்டுமே. ஒட்டணும்னு ஒங்களுக்குத் தோணிச்சில்லா? அத யாரு தோண வச்சா?”

அனந்தகிருஷ்ணன் ஃபிட்டர் இசக்கிமுத்துவைத் தேடிப் போனார்.

“இசக்கி, பாலத்தை அந்தப் பக்கமாத் திருப்பினா என்ன? ஸ்வாமி வடக்கே பார்ப்பார். வடக்கு நல்ல திசை.”

“வலப்பக்கமாத்தான் சார் திரும்பும். மத்தப் பக்கம் சக்கரத்துல பல்லு பூரா பொடிஞ்சிட்டு.” இசக்கிமுத்து பீடியைக் காதில் செருகிக்கொண்டான். “அதும் திரும்பினாத்தான.”

“ஏன், திரும்பாதா?”

“கிரீஸப் பாத்து எத்தன வருசம் ஆச்சு சார்? நடு அச்சு இந்நேரம் துருவேறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும்.”

கிரீஸ் கதை தனிக்கதை. கிரீஸ் வேண்டும் என்று மேலே கேட்டால், திரும்பாத பாலத்துக்கு எதற்குக் கிரீஸ் என்பார்கள். கிரீஸ் இல்லாமல் எப்படித் திரும்பும் என்று கேட்டால், திரும்பட்டும் தருகிறோம் என்பார்கள்.

“கீழே இறங்கி அச்சைப் பார்த்துடேன்.”

“எறங்குத ஏணி பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்டுக் கெடக்கு. பாலம் திரும்பினாத்தான் ஏணிக்கு வழி.”

“திரும்புமான்னு பார்க்கறதுக்கே திரும்பணுமா?”

“ஆமா சார்,” என்றான் இசக்கிமுத்து, அதில் அதிசயம் ஒன்றும் இல்லாததுபோல.

அன்று மத்தியானமே மாதுங்கா வீட்டுக்குத் தலைவலியோடு திரும்பினார். ராஜலக்ஷ்மி காப்பியை நீட்டிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். கணவருடைய பாலத்தின்மேல் அவளுக்கு ஒரு சக்களத்தி அபிப்பிராயம் உண்டு. இருந்தாலும் மூளை அவளுக்கு வேகமாக ஓடும்.

“ஏன்னா, தெற்கே பார்த்துண்டு ஒரு ஸ்வாமி இருக்காரே. தட்சிணாமூர்த்தி. அவரையும் கூட வெச்சுட்டா தெற்கு தோஷம் போயிடாதோ?”

அனந்தகிருஷ்ணன் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை. நேரே மார்க்கெட்டுக்கு ஓடினார். தட்சிணாமூர்த்தி டைல் கிடைத்தது. அதே கடை, அதே பசை. இருட்டுவதற்குள் பாலத்துக்கு வந்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில், அதே சுவரில் ஒட்டினார்.

பிச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு டைலைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி டைலைப் பார்த்தாள்.

“சார், இவரு தெக்க பாக்க வேண்டிய சாமில்லா?”

“ஆமாம்.”

“இப்ப கெழக்கல்லா பாக்காரு?”

“பாலம் திரும்பினா தெற்கே பார்ப்பார்.”

“அப்பப் பிள்ளையாரும் தெக்க பாப்பாரே.”

அனந்தகிருஷ்ணன் இரண்டு டைலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாலம் திரும்பாட்டி இவரு தப்பு. திரும்பினா அவரு தப்பு. எப்பமும் ஒரு சாமி தப்பாப் பாக்கணும்னு கணக்கா ஏற்பாடு பண்ணிருக்கியளே சார்!”

டைலைப் பிய்த்துவிடலாம் என்று நகத்தால் நெம்பிப் பார்த்தார். கடைக்காரன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல பசை.

மறுநாள் வியாழக்கிழமை. தட்சிணாமூர்த்திக்கு உகந்த நாள் அது என்பது, கொண்டைக்கடலை மாலைகளோடு பாலத்தின்மேல் நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளையாரைப் பார்க்கக் குரு பகவானே ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்துவிட்டார் என்று செய்தி பரவியிருந்தது. செம்பூரிலிருந்து வந்திருந்தார்கள், மான்குர்த்திலிருந்து வந்திருந்தார்கள். டோம்பிவிலியிலிருந்து ஒருவர் ரயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். அது வேண்டுதல் இல்லை, கூட்டம்.

“தானா வந்தாருங்க,” என்று பிச்சம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். “நேத்து சாயந்தரம் இங்கன ஒண்ணுமே இல்ல.”

“நான்தான் ஒட்டினேன்!” என்று கத்தினார் அனந்தகிருஷ்ணன்.

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மாமி அவர் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தாள். அவர் பதறிப் பின்வாங்கி, கொண்டைக்கடலையில் வழுக்கி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் பிரேமலதாவே கூப்பிட்டுவிட்டார். யாரோ வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தார்கள்.

“சார், பாலத்து மேல கோயில் இருக்காமே?”

“கோயில்னு இல்லை மேடம். ரெண்டு டைல்.”

“கூரை தெரியுது. மணி தெரியுது. ஒருத்தர் கீழ விழறதுகூடத் தெரியுது. இதோ பாருங்க, பாலத்துல இருந்த பழசு தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது. சனிக்கிழமை நான் வரும்போது அந்தக் கோயில் இருக்கக் கூடாது, அதுக்கப்புறமும் வரக் கூடாது. இருந்தா பட்டியல்ல போட முடியாது. சாரி.”

முதலில் பிள்ளையாரைத் திருப்பினால் போதும் என்றிருந்தது. இப்போது கிளப்பவே வேண்டும். அதுவும் இரண்டு பேரை.

ராஜலக்ஷ்மி அப்போதே அவரைத் தங்கள் வீட்டுப் புரோகிதர் நூரணி சாஸ்திரிகளிடம் அழைத்துப் போனாள். சாஸ்திரிகள் வெற்றிலையை மென்றபடி கண்ணை மூடிக் கேட்டார்.

“இதுக்கென்ன. கோயில் திருப்பணி பண்றச்சே ஸ்வாமியோட சக்தியைக் கலசத்துல இறக்கி வேற இடத்துல வெச்சுடுவா. பாலாலயம்னு பேர். அப்பறம் வெறும் டைல்தான். என்ன வேணா பண்ணிக்கலாம். வேலை முடிஞ்சதும் திரும்பக் கொண்டுவந்து பிரதிஷ்டை பண்ணிடணும்.”

“திரும்பக் கொண்டுவராட்டா?”

சாஸ்திரிகள் கண்ணைத் திறந்தார். “அதை இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதில்லை.”

பாலாலயம் என்றதும் பிச்சம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நாளாக அவர் அவளிடம் சொன்னதில் அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். “அப்பிடி மொறையாச் சொல்லுங்க சார்! எறக்கி, வேலையப் பாத்துட்டு, பொறவு சாமிய ஏத்துதது. கும்பாபிசேகம்லா!”

“கும்பாபிஷேகம் இல்லை பிச்சம்மா. சின்னதா…”

அவள் கேட்கவில்லை. ‘பொறவு ஏத்துதது’ கிடையாது என்பதை அவரும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அவள் சிரிப்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. அடித்தது இசக்கிமுத்துவின் மச்சான். ‘பாலத்துப் பிள்ளையார் மகா கும்பாபிஷேகம். சனிக்கிழமை காலை. அனைவரும் வருக.’ கீழே ‘திருப்பணிச் செம்மல்’ என்று போட்டு அனந்தகிருஷ்ணன் படம். அலுவலக அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அதில் அவர் எதையோ திருடிவிட்டு அகப்பட்டவர் மாதிரி இருப்பார். தலைக்குமேல் தங்கக் குடை வேறு பிடித்திருந்தார்கள்.

“இசக்கி, அதை உடனே கழட்டச் சொல்லு!”

“தாராவில பதினஞ்சு எடத்துல கட்டியாச்சு சார். சாமி படத்தக் கழட்ட எவனும் வரமாட்டான்.”

“அப்போ கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லு. இது ரொம்பச் சின்ன நிகழ்ச்சி, பெரிசா ஒண்ணுமில்லைன்னு.”

மத்தியானத்துக்குள் வரி சேர்க்கப்பட்டுவிட்டது. ‘சிறு அன்னதானமும் உண்டு.’

சனிக்கிழமை விடிந்ததும் அனந்தகிருஷ்ணன் பாலத்துக்கு வந்தபோது கரை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. வெண்பொங்கல் அண்டா ஒரு பக்கம், தயிர்சாத அண்டா ஒரு பக்கம். சாஸ்திரிகள் கரையோரம் ஹோமம் வளர்த்து, முறைப்படி சக்தியைக் கலசத்தில் இறக்கினார். இசக்கிமுத்து டைல்களை ஒட்டியிருந்த தகட்டோடு கழற்றி எடுத்தான். கூரையைப் பிரித்தான். மணியையும் விளக்குகளையும் சாக்கில் கட்டினான். எல்லாம் சுமுகமாக நடந்தது. அதுதான் அனந்தகிருஷ்ணனைப் பயமுறுத்தியது.

பிச்சம்மாள் கலசத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள்.

“சாயந்தரமே திரும்ப ஏத்திருவோம்லா சார்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்கூடத் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் புதுப்புடவையைப் பார்த்துக்கொண்டு அவரால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“ஏத்த முடியாது பிச்சம்மா. இனிமே எப்பவுமே முடியாது. ஏத்தினா பாலத்தை வெட்டிடுவா.”

அவள் கலசத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் மேளச் சத்தம்.

“இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“வியாழக்கிழமை. சொன்னா நீ விடமாட்டியோன்னு…”

“விட்டிருக்க மாட்டேன்தான்,” என்று ஒப்புக்கொண்டாள். “இப்பம் இந்தக் கூட்டத்துக்கிட்ட நான் ஒரு வார்த்த சொன்னாக்கூட ஒங்க பாலம் நகராது. தெரியும்லா?”

“தெரியும்.”

“சொல்லல. அத வெட்டுததப் பாக்க என்னாலயும் ஆவாது. நானும் இத்தன வருசமா அது மேலதான இருக்கேன்.”

கலசத்தோடு பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனாள். அங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். அனந்தகிருஷ்ணனுக்கு மனசே சரியில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அதற்குள் பிரேமலதாவின் கார் வந்துவிட்டது.

பிரேமலதாவுக்கு நரைத்த பாப் தலை, பருத்திப் புடவை. கூட வந்தனா என்று ஒரு இளம் இன்ஜினியர். செம்பூர்ப் பெண், தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் டார்ச். இருவரும் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

“சார், யார் இவ்வளவு பேரும்?”

“பாலத்தைத் திருப்ப வந்தவா மேடம்,” என்றார் அனந்தகிருஷ்ணன். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“இத்தனை பேரா?”

“மோட்டார் எரிஞ்சு போச்சு மேடம். பழைய முறைப்படி கையாலதான் திருப்பறோம்.”

கையால் திருப்புவது உண்மைதான். நடுவில் நிற்கும் இரும்பு உருளையில் நீளமான கம்பிகளைச் செருகி, ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கவேண்டும். அதற்காகவே இசக்கிமுத்து ஆறு தடியர்களை ஏற்பாடு செய்திருந்தான்.

“எங்கேடா அந்த ஆறு பேர்?” என்று காதோரம் கேட்டார்.

“பொங்கல் வரிசையில நிக்கானுவ சார். முடியாம வரமாட்டானுவ. ஹிலேகா நஹீ, அசையமாட்டோம்னு சொல்லிட்டானுவ.”

பிரேமலதா கடிகாரத்தைப் பார்த்தார். அனந்தகிருஷ்ணனுக்குத் திங்கட்கிழமை கட்டர் கண்முன் வந்தது. அடுத்த நிமிஷம், வாழ்க்கையில் ஒருநாளும் குரலை உயர்த்தாத அந்த மனிதர், அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலின்மேல் ஏறி நின்று கத்தினார்.

“இன்னிக்குத் தேர் இருக்கு! இந்தப் பாலம்தான் தேர்! வந்து பிடிங்கோ!”

தேர் என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. பொங்கல் தட்டுகள் கீழே இறங்கின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பட்டாளமே பாலத்தின் நடுவே ஓடியது. கம்பியைப் பிடிக்க இடம் கிடைக்காதவர்கள், பிடித்தவர்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். டோம்பிவிலிக்காரர் இப்போது இரண்டு காலிலும் நின்று தள்ளினார்.

“கணபதி பப்பா!”

“மோரியா!”

பாலம் அசையவில்லை. இசக்கிமுத்து, தான் அப்போதே சொன்னதை முகத்தில் காட்டிக்கொண்டு நின்றான்.

“கணபதி பப்பா!”

“மோரியா!”

அப்போது கரையோரம் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அது ஒரு கை அகலமாயிற்று. பாலம் கிளம்பிவிட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. அத்தனை பெரிய இரும்பு அத்தனை ஜனங்களையும் சுமந்துகொண்டு, அனந்தகிருஷ்ணன் வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்தது போலவே, சும்மா வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவர் ஸ்டூலின்மேல் நின்றபடியே அழுதார். அழுவதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்துவின் காதிலிருந்து பீடி விழுந்தது.

பாலம் முழுக்கத் திரும்பி நின்றது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே வெறும் தண்ணீர். அந்தக் கரையில் கலசத்தோடு பிச்சம்மாளின் முதுகு.

“வந்தனா, கீழ போய்ப் பார்த்துட்டு வா,” என்றார் பிரேமலதா. வந்தனா கரைச்சுவரில் வெளியே தெரிந்த ஏணியில் டார்ச்சோடு இறங்கி, அச்சை நோக்கிப் போனாள்.

பிரேமலதாவுக்கும் கண் கலங்கியிருந்தது. “சார், உலகத்துல எத்தனையோ சுழல் பாலம் பார்த்திருக்கேன். இவ்வளவு பழைய பாலம் ஒண்ணு இப்படி ஸ்மூத்தாத் திரும்பி நான் பார்த்ததில்லை. யார் பராமரிக்கிறது?”

இந்த இடத்தில் அனந்தகிருஷ்ணன் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

“எங்க டிபார்ட்மென்ட்தான் மேடம். என் நேரடி மேற்பார்வை.”

“என்ன போடறீங்க?”

“கிரீஸ்தான் மேடம். ரெகுலரா.”

இசக்கிமுத்துவுக்கு இருமல் வந்துவிட்டது.

“அருமை. பட்டியல்ல சேர்த்தாச்சு சார், இனிமே இதை யாரும் தொட முடியாது.” பிரேமலதா அங்கேயே கையெழுத்துப் போட்டார். “ஒரே ஒரு கண்டிஷன். மரபுச் சின்னம்னா எதையும் மாத்தக் கூடாது. இத்தனை வருஷமா இந்தப் பாலத்தை எது காப்பாத்திச்சோ, அதையேதான் இனிமேலும் போடணும். யார் போட்டாங்களோ அவங்களே போடணும். ஒருநாள் விடக் கூடாது. மாத்தினீங்கன்னா பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம்.”

“மாத்தவே மாட்டோம் மேடம்.”

“அந்தக் கோயில்?”

“கிளப்பியாச்சு மேடம். இனிமே இந்தப் பாலத்து மேல ஒரு அகல் விளக்குகூட எரியாது. நான் பொறுப்பு. எழுதியே தரேன்.”

எழுதியே தந்தார். தேதி போட்டு, கீழே பதவியையும் தெளிவாக எழுதினார்.

அப்போது ஏணியில் வந்தனாவின் மஞ்சள் ஹெல்மெட் மேலே வந்தது. முழங்கைவரை பளபளவென்றிருந்த கையை மூக்கருகில் கொண்டுபோய் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தாள்.

“மேடம், கீழ ஒரு சொட்டு கிரீஸ் கிடையாது! மேல யாரோ டெய்லி விளக்கு ஏத்தி ஏத்தி, அச்சு பூரா நல்லெண்ணெய்லதான் மெதக்குது!”